பிள்ளையார்பாளையத்தின் நூல் வாசிப்பு வரலாறு

பிள்ளையார்பாளையம் காஞ்சிபுரம் மாநகரின் மேற்குப் பகுதியில், பெரிய காஞ்சியை ஒட்டி அமைந்த பட்டு நெசவாளர் குடியிருப்பு ஆகும். செங்குந்தர் உள்ளிட்ட நெசவுச் சமூகத்தினர் பல தலைமுறைகளாக இங்கு வீட்டிலேயே தறி போட்டுத் தொழில் செய்து வருகின்றனர். காஞ்சிப் பட்டின் சரிகையைப் பற்றியும் கரையைப் பற்றியும் ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அதை நெய்தவர்கள் எதைப் படித்தார்கள், புத்தகம் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்பது பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இக்கட்டுரை அதைப் பற்றியது.

தமிழில் ‘நூல்’ என்ற ஒரே சொல் இழையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். நன்னூலின் பாயிரத்தில் பவணந்தி முனிவர் நூல் இயற்றுவதை நூல் நூற்பதோடு ஒப்பிட்டு விளக்குவதைத் தமிழ் படித்த மாணவர்கள் அறிவர். ஆனால் நெசவாளர் தெருவில் இவ்விரண்டு நூல்களும் எப்போதும் நட்பாக இருந்ததில்லை. ஒரு பிள்ளையின் கை தறிக்கு வேண்டும். அதே கை ஏட்டைப் புரட்டவும் வேண்டும். பிள்ளையார்பாளையத்தின் வாசிப்பு வரலாற்றில் பாதி இந்த இழுபறிதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடலாம். காஞ்சிபுரத்தில் புத்தகம் பெரும்பாலும் புத்தகக் கடை வழியாக மக்களிடம் வரவில்லை. வார இதழ், படிப்பகம், கோயில் திருவிழா, அஞ்சல்காரர், பள்ளிக்கூடம் ஆகியவற்றின் வழியாகவே வந்தது. அதனால் அதன் தடயங்களும் கடைப் பெயர்ப் பலகைகளில் கிடைப்பதில்லை.

அச்சுக்கு முன்

காஞ்சியின் கல்விப் புகழ் பழமையானது. கடம்ப அரசமரபைத் தோற்றுவித்த மயூரசர்மன் காஞ்சியின் கடிகைக்குப் படிக்க வந்ததைத் தாளகுண்டா கல்வெட்டு கூறுகிறது. ஏழாம் நூற்றாண்டில் சீனப் பயணி யுவான் சுவாங் இவ்வூரைப் பற்றி எழுதினார். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை இயற்றியதும் அரங்கேற்றியதும் குமரகோட்டத்தில் என்பது மரபு. எழுதி வைத்த ஏடுகளை முருகனே இரவில் திருத்தினான் என்ற கதையை இவ்வூர்ப் பிள்ளைகள் பாட்டி மடியிலேயே கேட்டுவிடுவார்கள். சிவஞான முனிவர் முதற்காண்டமும் கச்சியப்ப முனிவர் இரண்டாம் காண்டமும் பாடிய காஞ்சிப் புராணம் இவ்வூரின் ஒவ்வொரு கோயிலையும் குளத்தையும் பெயர் சொல்லிப் பாடுகிறது. நெசவாளர் பக்கத்திலும் இலக்கியப் பெருமிதம் உண்டு. செங்குந்தர் வீரத்தைப் பாடும் ஈட்டியெழுபதை இயற்றியவர், சோழர் அவைப் புலவரான ஒட்டக்கூத்தர். அவரைத் தங்கள் குலத்தவர் என்றே செங்குந்தர் போற்றுகின்றனர்.

இந்தப் பெருமைகளை வாசிப்புப் பழக்கத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஓலைச்சுவடி மடத்திலும் புலவர் வீட்டிலும் இருந்தது. தறிக்காரர் வீட்டில் புராணம் இருந்தது என்றால் காதில் இருந்தது என்று பொருள்.

சின்ன காஞ்சியின் அச்சகங்கள்

1835-இல் அச்சகங்களுக்கு அரசு உரிமம் பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு நீங்கிய பிறகு இந்தியர்கள் தாராளமாக அச்சுத் தொழிலில் இறங்கினர். ஆனால் தமிழ் அச்சுத் தொழில் சென்னையில் குவிந்தது. காஞ்சிபுரம் சென்னையிலிருந்து சுமார் 75 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது. இந்த அருகாமையே இவ்வூருக்கு இடைஞ்சலாகவும் ஆனது. மதுரைக்குத் தமிழ்ச்சங்கமும் திருச்சிக்குத் தனிப் பதிப்பகங்களும் வாய்த்தன; காஞ்சிக்காரர் புத்தகம் வேண்டுமென்றால் சென்னைக்கு இரயிலேறினார்.

விதிவிலக்காக நின்றது சின்ன காஞ்சி. வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றி வாழ்ந்த வைணவ அறிஞர்கள் தங்கள் நூல்களைத் தாங்களே அச்சிட்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரதிவாதி பயங்கரம் அனந்தாச்சாரியார் இங்கிருந்து ‘மஞ்சுபாஷிணி’ என்ற வடமொழி இதழையும், ‘சாஸ்திர முக்தாவளி’ என்ற நூல்வரிசையையும் வெளியிட்டார். சுதர்சன அச்சகத்தின் பெயர் தாங்கிய அப்பதிப்புகளை இன்றும் பெரிய நூலகங்களின் பட்டியல்களில் காணலாம். ‘கான்ஜீவரம்’ என்ற பழைய எழுத்துக்கூட்டலில் தேடவேண்டும்.

அவருக்குப் பின் வந்தவர் பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராச்சாரியார் (1891–1983). நாலாயிர திவ்விய பிரபந்தத்துக்கு ‘திவ்யார்த்த தீபிகை’ என்ற எளிய உரையை எழுதியவர். ‘ஸ்ரீராமானுஜன்’ என்ற இதழை நடத்தியவர். ‘கிரந்தமாலா’ அலுவலகத்தின் வழியாக நூற்றுக்கணக்கில் நூல்களை வெளியிட்டவர். இவரைப் பற்றிச் சொல்லும்போது ஒன்றைத் தவறாமல் சொல்லவேண்டும். இவர் தென்கலை மரபினர். காஞ்சியில் வடகலை, தென்கலைப் பிணக்கு நீதிமன்றம் வரை போய் ஆண்டுக்கணக்கில் நடந்த ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, வடகலையார் தங்கள் ஆசாரியராகக் கொண்டாடும் வேதாந்த தேசிகரின் நூல்களைத் தொகுத்து 1940-களில் ‘வேதாந்த தேசிக கிரந்தமாலா’ என்று பதிப்பித்தவரும் இவரே. வாதத்தில் விட்டுக்கொடுக்காத ஒருவர், எதிர்த்தரப்பின் நூலையும் பிழையில்லாமல் அச்சேற்றினார் என்பது பதிப்பு வரலாற்றில் சிறிய செய்தி அன்று.

ஆனால் இந்த நூல்களின் வாசகர் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் அல்லர். அவை கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு அஞ்சலில் போயின. திருமலை முதல் மேல்கோட்டை வரை பரவியிருந்த பண்டிதர்களே அவற்றைப் படித்தனர். ஊரின் கிழக்கில் அச்சடித்த நூல், மேற்கே இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளியிருந்த தெருவுக்கு வரவில்லை.

‘திராவிட நாடு’

அந்தத் தூரத்தைக் கடந்தது ஒரு வார இதழ். காஞ்சிபுரத்தில் 1909-இல் நெசவுத் தொழில் செய்த செங்குந்தர் குடும்பத்தில் பிறந்த சி.என். அண்ணாதுரை, பச்சையப்பன் பள்ளியில் படித்து, சிறிது காலம் காஞ்சி நகராட்சி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் முதுகலைப் பட்டம் பெற்றவர். ஈரோட்டில் பெரியாரின் ‘விடுதலை’, ‘குடிஅரசு’ இதழ்களில் பணியாற்றிய பின் சொந்த ஊருக்குத் திரும்பி 1942 மார்ச்சில் ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார்.

அந்த ஆண்டைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. சிங்கப்பூரும் இரங்கூனும் வீழ்ந்துவிட்டன. காகிதத்துக்குக் கடும் தட்டுப்பாடு. அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் சி.பா. ஆதித்தனாரின் ‘தந்தி’யும் பிறந்தது. காகிதம் கிடைக்காத காலத்தில் இரண்டு மக்கள் இதழ்கள் துணிந்து தொடங்கப்பட்டன என்றால், படிக்கக் காத்திருந்த கூட்டம் ஒன்று இருந்தது என்றே பொருள். அப்போதைய தமிழ்ப் பத்திரிகைகள் அந்தக் கூட்டத்தைப் பெரிதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் கருத்து.

‘திராவிட நாடு’ இதழில் அரசியல் கட்டுரை மட்டும் இல்லை. அண்ணா பரதன், சௌமியன் முதலிய பல புனைபெயர்களில் கதை, நாடகம், உரையாடல், கேலி என எல்லாவற்றையும் எழுதினார். ‘கலிங்கராணி’, ‘பார்வதி பி.ஏ.’, ‘ரங்கோன் ராதா’ ஆகியவை அதில் தொடராக வந்தவை. அடுத்த வாரம் என்ன ஆகும் என்ற ஆவல் அரசியலில் நாட்டமில்லாதவரையும் இதழை வாங்க வைத்தது. 1955-இலிருந்து தம்பிக்கு எழுதும் கடிதங்கள் தொடர்ந்தன. கடித வடிவம் வாசகரை நேராக விளிப்பது. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும், பிறர் படிக்கக் கேட்பவருக்கும் ‘இது எனக்கு எழுதியது’ என்ற எண்ணம் தோன்றும். அந்த நடையின் அடுக்குமொழியைப் பின்னாளில் பலர் கேலி செய்ததுண்டு. அது பக்கத்தில் பார்க்கையில் மிகையாகத் தெரியலாம். உரக்கப் படித்துப் பார்த்தால் ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது விளங்கும். அது காதுக்காக எழுதப்பட்ட உரைநடை.

திருவாரூரிலிருந்து பள்ளி மாணவராக இருந்த மு. கருணாநிதி அனுப்பிய ‘இளமைப்பலி’ என்ற கட்டுரை 1942-இல் இவ்விதழில் வெளிவந்தது. பின்னர் திருவாரூருக்கு வந்த அண்ணா, எழுதியவரை வரவழைத்துப் பார்த்து, முதலில் படிப்பைக் கவனிக்கச் சொன்னார் என்பது பலரும் அறிந்த செய்தி. அந்த அறிவுரை பின்பற்றப்படவில்லை என்பதும் பலரும் அறிந்ததே.

இங்கே ஒரு வினோதம். இதழ் காஞ்சியில் அச்சானது. அதில் வந்தவை நூலாக ஆனபோது பெரும்பாலும் வேறு ஊர்களில் அச்சாயின. திருச்சியின் திராவிடப் பண்ணையும் சென்னையின் பாரி நிலையமும் அண்ணாவின் நூல்களை வெளியிட்டன. வார இதழுக்கு வேண்டியது ஓர் அச்சகம், ஓர் ஆசிரியர், முகவர்கள். நூலுக்கோ கடைகளின் வலைப்பின்னல் வேண்டும், முதலீடு ஆண்டுக்கணக்கில் தேங்கி நிற்கத் தாங்கவேண்டும். காஞ்சியில் பணம் இல்லாமல் இல்லை. அது பட்டிலும் சரிகையிலும் போட்ட பணம். முகூர்த்தக் காலத்தில் திரும்பிவிடும் பணத்தை, எப்போது விற்குமென்று தெரியாத புத்தகத்தில் போட வணிகர்கள் முன்வராததில் வியப்பில்லை.

எழுத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. ‘ஆரிய மாயை’ நூலுக்காக அண்ணா மீது வழக்குத் தொடரப்பட்டு 1950-இல் 700 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதைக் கட்ட மறுத்து அவர் சிறை சென்றார். வழக்கு ஒரு நூலுக்கு எத்தகைய விளம்பரம் என்பதை அரசு அப்போது உணர்ந்ததாகத் தெரியவில்லை.

‘திராவிட நாடு’ 1963 வரை வந்தது. அதன்பின் ‘காஞ்சி’ என்ற ஊர்ப்பெயரையே தாங்கிய வார இதழை அண்ணா நடத்தினார். 1967-இல் முதலமைச்சரானார், 1969 பிப்ரவரி 3-இல் மறைந்தார். அவர் இருந்தவரை காஞ்சிபுரத்திலிருந்து வாரந்தோறும் அச்சுத்தாள் தமிழ்நாடெங்கும் போயிற்று. அவருக்குப்பின் அந்த அளவில் போகவில்லை. அண்ணங்கராச்சாரியாரின் கிரந்தமாலைக்கும் இதுவே பொருந்தும். ஊருக்கு நிறுவனம் அமையவில்லை; மனிதர்கள் அமைந்தார்கள்.

படிப்பகமும் திண்ணையும்

1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேரே. அப்படியிருக்க ஒரு வார இதழ் நெசவாளர் தெருக்களில் எப்படி வேரூன்றியது? விடை படிப்பகம்.

திராவிட இயக்கத்தின் கிளை தொடங்கப்பட்ட ஊர்களிலெல்லாம் படிப்பகம் ஒன்றும் தோன்றியது. கூரைக் கொட்டகையோ வாடகை அறையோ போதும். ஒரு மேசை, இரண்டு விசுப்பலகை, அன்றைய நாளிதழ், அந்த வாரத்து இதழ்கள். காங்கிரசும் பொதுவுடைமை இயக்கமும் இவ்வகை வாசிப்பிடங்களை நடத்தின. பேருந்தில் வந்த இதழ்க்கட்டு பிரிக்கப்பட்டதும் எழுத்துத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பர், பின் வாதம் தொடங்கும். ஓர் இதழின் வாசகர் எண்ணிக்கையை விற்ற படிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடுவது இதனால்தான் பொருந்தாது.

தொழிலாளர் கூடிக் கேட்கும் வாசிப்பு உலகில் வேறு இடங்களிலும் உண்டு. கியூபாவின் ஹவானா நகரச் சுருட்டு ஆலைகளில் 1865 முதல் தொழிலாளர்களே கூலி கொடுத்து ஒருவரை அமர்த்தி, தாங்கள் சுருட்டுச் சுற்றும்போது செய்தித்தாளும் நாவலும் படிக்கச் சொல்லிக் கேட்டனர். கேரளத்தில் கண்ணூர்ப் பகுதிப் பீடித் தொழிலாளரிடமும் இவ்வழக்கம் இருந்தது. ஆனால் கைத்தறியில் இது நடவாது. குழித்தறியில் பலகை அடிக்கும் ஓசையில் பக்கத்தில் பேசுவதே காதில் விழாது. வண்ணத்தில் கண் பிசகினால் புடவை கெட்டுவிடும். எனவே நெசவாளரின் வாசிப்பு தறி நின்ற பிறகு, மாலைத் திண்ணையில் நடந்தது. காலையில் தெருவில் பாவு விரித்து வேலை முடிந்து ஆண்கள் நின்று பேசும் நேரமும், பெண்கள் வீட்டினுள் தார் சுற்றும் நேரமும் கதை கேட்க ஏற்றவை. தார் சுற்றும் இராட்டைக்குத் தறியைப்போல் இரைச்சல் இல்லை.

நெசவாளர் வாசிப்பு என்றதும் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நினைவுக்கு வரும். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் அங்கிருந்த கைத்தறியாளர்கள் படிப்பாளிகள் என்று பெயர் பெற்றவர்கள். இராபர்ட் தன்னஹில் (1774–1810) என்ற கவிஞர் அங்குத் தறியில் அமர்ந்தே பாட்டெழுதியவர். நம் புடவைக் கரையிலுள்ள மாங்காய் உருவத்தை ஆங்கிலேயர் அழைப்பது அந்த ஊரின் பெயரால்தான். அங்கும் வீடுதான் தொழிற்கூடம். நேரத்தைத் தானே வகுத்துக்கொள்ளும் தொழிலாளிக்குப் படிக்க ஒரு மணி நேரம் கிடைத்தது. சங்கு ஊதும் ஆலையில் அது கிடைக்காது. பிள்ளையார்பாளையத்துக்கும் பெய்ஸ்லிக்கும் இந்த ஒற்றுமை உண்டு. வேற்றுமை கடனில் இருக்கிறது. அதைக் கீழே காண்க.

புத்தகச் செய்தி பரவிய வழியும் இதுவே. புது நூல் வந்த செய்தியை வார இதழின் கடைசிப் பக்க விளம்பரம் சொல்லும். பணம் முன்கூட்டி அனுப்பவேண்டாம், வி.பி.பி.யில் வரும் கட்டை அஞ்சல்காரரிடம் பணம் கொடுத்துப் பெற்றுக்கொள்ளலாம். மாநாட்டுப் பந்தலின் வாயிலில் துண்டுத்தாளும் குறுநூலும் விற்கும். பொதுக்கூட்டம் முடிந்து திரும்புவோர் கையில் இரண்டணாப் புத்தகம் ஒன்று இருக்கும்.

அதே தெருவில் வேறு வகை நூல்களும் இருந்தன. சென்னைக் குஜிலிக் கடையில் அச்சான ‘பெரிய எழுத்து’ நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை ஆகியவை திருவிழாக்களில் தரையில் விரித்து விற்கப்பட்டன. மங்கிய விளக்கில் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அந்தப் பருத்த எழுத்து உதவியது. காமாட்சியம்மன் விருத்தம் வீட்டுக்கு வீடு இருந்தது. பகுத்தறிவு இதழும் அம்மன் பாட்டும் ஒரே மாடத்தில் இருந்தன என்றால் இன்றைய மாணவர் வியக்கலாம். ஆனால் ஒரு வீட்டில் படித்தவர் ஒருவர் மட்டும் அல்லர். மாமியார் ஒன்று கேட்பார், மருமகன் ஒன்று படிப்பார்.

பெண்களைப் பொறுத்தவரை தொடர்கதைகளே பெரிய வாசல். ‘கல்கி’ இதழில் 1944 முதல் 1946 வரை வந்த ‘சிவகாமியின் சபதம்’ காஞ்சியையே களமாகக் கொண்டது. தொடரைக் கிழித்து எடுத்துத் தைத்துக் கட்டிய பாகங்கள் வீடு வீடாக இரவல் போயின. வாடகை நூலகங்கள் பெருகியதும் இந்தக் கட்டுகளால்தான். புத்தகமாக வாங்க வசதியில்லாதவரின் பதிப்பு அது.

தறியும் பள்ளியும்

காஞ்சிபுரத்துப் பட்டில் கோர்வை என்பது தனிச் சிறப்பு. புடவையின் உடலும் கரையும் வெவ்வேறு வண்ணத்தில் இருக்க, மூன்று நாடாக்களைக் கொண்டு இரண்டையும் இணைத்து நெய்வர். இதை ஒருவர் தனியாகச் செய்வது கடினம். மறுபக்கக் கரைக்கு நாடா போட ஓர் உதவியாள் வேண்டும். நெடுங்காலம் அந்த உதவியாள் பெரும்பாலும் ஒரு சிறுவனோ சிறுமியோதான். உலகம் வியக்கும் அந்தக் கரையில் ஒரு குழந்தையின் பள்ளி நேரம் சேர்ந்திருந்தது.

பட்டும் சரிகையும் விலை உயர்ந்தவை. சாதாரண நெசவாளரால் வாங்கி வைக்க இயலாது. முதலாளியிடம் பாவும் ஊடையும் பெற்றுக் கூலிக்கு நெய்வார். திருமணத்துக்கோ மருத்துவத்துக்கோ முன்பணம் வாங்குவார். கடன் அடையும் வரை தறி மாற முடியாது. சில குடும்பங்களில் பிள்ளையின் பெயரிலேயே முன்பணம் வாங்கப்பட்டு, பிள்ளை வேறொருவர் தறிக்கு அனுப்பப்பட்டது. 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைச் சிறார் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் சிறார் உழைப்பைச் சில தொழில்களில் தடை செய்திருந்தும், வீட்டுத் தறி என்ற பெயரில் அது தப்பித்து வந்தது. இந்திய அரசும் அமெரிக்க அரசும் சேர்ந்து பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வழியாக நடத்திய ‘இண்டஸ்’ திட்டத்தில் தமிழ்நாட்டின் ஐந்து மாவட்டங்களில் ஒன்றாகக் காஞ்சிபுரம் சேர்க்கப்பட்டது. இடைநின்ற பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சிப் பள்ளிகள் திறக்கப்பட்டன. நெசவு ஊர்களில் ஆசிரியராக இருந்தவர்களுக்கு நாட்காட்டி வேண்டியதில்லை. முகூர்த்த மாதங்கள் நெருங்குவது வருகைப் பதிவேட்டிலேயே தெரியும்.

இந்த இழுபறி ஒருமுறை மாநில அரசியலையே உலுக்கியது. 1953-இல் முதலமைச்சர் இராசாசி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் பள்ளி நேரம் நாளுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் எனப்பட்டது. எதிர்த்தவர்கள் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். இத்திட்டம் முதலில் ஊரகப் பள்ளிகளுக்கே பொருந்தியது. நகராட்சியான காஞ்சிபுரத்தை நேராகத் தொடவில்லை. ஆயினும் நெசவாளரின் பிள்ளை நெசவாளனாகவே இருக்கவேண்டுமா என்ற கேள்வி இங்கே வேறெங்கும்விடக் கூர்மையாகப் பட்டிருக்கும். திட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்றை மறுக்க முடியாது: பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை. ஆனால் அதற்குத் தீர்வு பள்ளியைப் பாதியாக்குவதா, இரட்டிப்பாக்குவதா என்பதே கேள்வி. 1954-இல் காமராசர் முதலமைச்சரானதும் திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் மதிய உணவு வந்தது. அதே 1953-இல் கைத்தறி தேங்கி நெசவாளர் பட்டினி கிடந்தபோது அண்ணா உள்ளிட்ட தி.மு.க.வினர் தெருத்தெருவாகக் கைத்தறித் துணி விற்றனர்.

2016-இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதை முற்றாகத் தடை செய்தாலும், பள்ளி நேரத்துக்குப் பின் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று இடம் விட்டது. கதவை மூடிவிட்டுச் சன்னலைத் திறந்த கதை. இன்று பிள்ளையார்பாளையத்தில் பிள்ளைகள் தறியில் அமர்வது அரிதாகிவிட்டது. அதற்குச் சட்டம் மட்டும் காரணம் அன்று. படித்த பிள்ளைகள் தறிக்குத் திரும்புவதில்லை. திருப்பெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தேறுகிறார்கள். இதைத் தொழிலின் இழப்பு என்று வருந்துவோர் உண்டு. அந்தக் கோர்வைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியவர்களால் அப்படி முழுமனதாக வருந்த முடியாது.

நூலகமும் கடைகளும்

சென்னை மாகாணப் பொதுநூலகச் சட்டம் 1948-இல் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இவ்வகையில் முதற்சட்டம் இது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். இரங்கநாதனின் முயற்சி இதன் பின்னணியில் இருந்தது. சொத்து வரியோடு நூலக வரியும் தண்டப்பட்டு, மாவட்ட நூலக ஆணைக்குழுக்களின்கீழ் மைய நூலகமும் கிளைகளும் அமைந்தன. தறி வைத்த ஓட்டு வீட்டுக்காரரும் இந்த வரியைக் கட்டுகிறார் என்பதை நூலகத்தில் மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். படிப்பகங்கள் மெலிந்த இடத்தைக் கிளை நூலகங்கள் ஓரளவு நிரப்பின. ஓரளவுதான்: படிப்பகத்தில் உரக்கப் பேசலாம், நூலகத்தில் பேசக்கூடாது.

வீடுதோறும் சிறு நூலகம் வேண்டும் என்பது அண்ணாவின் கருத்து. ‘வீட்டிற்கோர் புத்தகசாலை’ என்ற அவரது வானொலி உரை இப்போது ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் உள்ளது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் தறிக்குழியும் அடுப்பும் போக மீதியுள்ள இடத்தில் புத்தக அலமாரியை எங்கே வைப்பது என்று இப்பகுதிப் பிள்ளைகள் கேட்டால் அது குறும்பு அன்று, நியாயமான கேள்வி.

கடைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். காந்தி சாலையில் பட்டுக் கடைகள் வரிசையாக நிற்பதுபோல் புத்தகக் கடைகள் எந்தச் சாலையிலும் நின்றதில்லை. தமிழ்நாட்டின் நடுத்தர ஊர்கள் பலவற்றைப் போலவே இங்கும் புத்தகக் கடை என்றால் பள்ளிப் பொருள் கடை. நோட்டு, பேனா, கோனார் தமிழ் உரை, வினாவங்கி ஆகியவற்றின் விற்பனையில் அது வாழும். சூன் மாதம் அதற்குத் தீபாவளி. அரசுப் பள்ளிகளில் பாடநூல் விலையின்றி வழங்கப்பட்டது பிள்ளைகளுக்கு நன்மை. கடைக்காரருக்கு ஒரு வருவாய் போயிற்று. கோயில் வாயில்களில் தலவரலாறும் தோத்திர நூல்களும் விற்கும் கடைகள் வேறு வகை. காஞ்சி மடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளின் உரைகளை ரா. கணபதி தொகுத்த ‘தெய்வத்தின் குரல்’ வரிசையும் சென்னை வானதி பதிப்பகத்தின் வழியாகவே வந்தது. பேசியவர் காஞ்சி, அச்சானது சென்னை: பழைய கதைதான்.

இதற்கு மாற்றாக வந்தது புத்தகக் கண்காட்சி. சென்னையில் தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர் மற்றும் பதிப்பாளர் சங்கம் (பபாசி) 1977-இல் தொடங்கிய கண்காட்சிக்குக் காஞ்சி வாசகர்கள் ஆண்டுதோறும் பொங்கலையொட்டிப் போய்வருவது வழக்கம். 2022-க்குப் பின் அரசு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழா நடத்தத் தொடங்கியதில் காஞ்சிபுரமும் அடங்கும். பத்து நாள் ஊருக்குப் புத்தகக் கடை வருகிறது. பதினோராம் நாள் போய்விடுகிறது.

எஞ்சியிருப்பவை

அண்ணாவின் எழுத்துகள் 1995-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. எவரும் அச்சிடலாம், இணையத்தில் ஏற்றலாம். அதனால் அவை இழக்கப்படும் அச்சமில்லை. அச்சம் மற்றவற்றைப் பற்றியது. மாநாட்டில் விற்ற குறுநூல், படிப்பகத்தின் வரவுசெலவுக் குறிப்பேடு, நெசவாளர் சங்கத் துண்டறிக்கை, திருமண வாழ்த்துமடல், தைத்துக் கட்டிய தொடர்கதைக் கட்டு ஆகியவற்றை எந்தச் சட்டமும் காப்பதில்லை. பழைய ஓட்டு வீட்டை இடித்து மாடி கட்டும்போது இவை பழைய காகிதக் கடைக்குப் போகின்றன.

காரைக்குடி அருகேயுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர் தம் வாழ்நாள் முழுவதும் இவ்வகை அச்சுத்தாள்களை, துண்டறிக்கை முதற்கொண்டு திரட்டி வைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு அத்தொகுப்பைக் கொண்டு 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. குஜிலி நூல்களைப் பற்றி இன்று ஆய்வாளர்கள் எழுத முடிகிறது என்றால் இத்தகைய சேகரிப்புகளே அடிப்படை. காஞ்சிபுரத்து நெசவாளர் தெருக்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

மாணவர்கள் தங்கள் வீட்டுப் பரணில் பழைய தாளோ புத்தகமோ கண்டால் மூன்றைப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்: அட்டையின் அடியில் உள்ள அச்சகத்தின் பெயர், பின்னட்டை விளம்பரம், உள்பக்கத்தில் மையால் எழுதிய பெயரும் தேதியும். முதலாவது எங்கே அச்சானது என்பதைச் சொல்லும். இரண்டாவது அதே வாசகர் வேறு எதை வாங்கக்கூடும் எனக் கருதப்பட்டது என்பதைக் காட்டும். மூன்றாவது யார் கையில் இருந்தது என்பதைச் சொல்லும். ஒரே புத்தகத்தில் இரண்டு மூன்று பெயர்கள் அடித்து எழுதப்பட்டிருந்தால், அது தெருவில் கைமாறிய புத்தகம். அதை எடைக்குப் போடாமல் முதலில் ஒளிப்படம் எடுத்து வைக்கவும்.